அழகியல் அறுவை சிகிச்சை: ஆண்டுகள் கழிந்தபின் உடலும் தன்னுருவமும்

நோயைப் போக்குவதற்காக அன்றி, தோற்றத்தை மாற்றிக்கொள்வதற்காகச் செய்யப்படுவது அழகியல் அறுவை சிகிச்சை எனப்படும். மூக்கின் வடிவத்தைத் திருத்துதல், மார்பகத்தில் சிலிக்கோன் உள்வைப்புகளைப் பொருத்துதல், கொழுப்பை உறிஞ்சி எடுத்தல், கண்ணிமைத் தோலைச் சீரமைத்தல், தலைமுடி நடுதல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைப் பற்றிக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பாலானவை அறுவைக்கு முந்தைய நாட்களையும் பிந்தைய சில வாரங்களையும் பற்றியவையே. ஐந்து, பத்து, இருபது ஆண்டுகள் கழிந்து கண்ணாடி முன் நிற்கும்போது எழும் கேள்விகள் வேறானவை. அக்கேள்விகளோடு இருப்போருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் உதவுவதே இப்பக்கத்தின் நோக்கம்.

சுருக்கமாக

• அறுவை சிகிச்சை ஓர் உறுப்பின் வடிவத்தை மாற்றுகிறது. உங்களைப் பற்றி நீங்கள் கொண்டுள்ள எண்ணம் அதனோடு மாறலாம், மாறாமலும் இருக்கலாம்.
• ஆண்டுகள் கழித்து எழும் வருத்தமோ ஐயமோ பிழையன்று. அதன் காரணம் உடலில் உள்ளதா, முதுமையில் உள்ளதா, மனத்தில் உள்ளதா என்று பிரித்துப் பார்ப்பதே முதற்படி.
• மார்பக உள்வைப்புகள் வாழ்நாள் முழுவதற்குமானவை அல்ல. தொந்தரவு ஏதும் இல்லாவிட்டாலும் அவற்றிற்குப் பரிசோதனை தேவை.
• மீண்டும் ஓர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் முடிவை மனச்சோர்வின் நடுவே எடுக்க வேண்டாம்.

தன்னுருவம் என்பது யாது?

நம் உடல் எவ்வாறு தோன்றுகிறது என்பது பற்றி நாமே மனத்தில் வரைந்து வைத்திருக்கும் சித்திரமே தன்னுருவம். கண்ணாடியில் தெரிவதும் இச்சித்திரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பிள்ளைப் பருவத்தில் உறவினர் சொன்ன கேலிச்சொல், பள்ளியில் வைக்கப்பட்ட பட்டப்பெயர், பெண் பார்க்க வந்தவர்களின் பேச்சு, திரைப்படங்களும் விளம்பரங்களும் காட்டும் முகங்கள் ஆகிய யாவும் சேர்ந்தே இச்சித்திரம் உருவாகிறது.

அமெரிக்காவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தம் அனுபவத்தில் கண்ட ஒன்றைப் பதிவு செய்தார். முகம் நன்கு சீரமைக்கப்பட்ட பின்னரும் சிலர் தம்மை முன்போலவே அழகற்றவராகக் கருதி வந்தனர் என்பதே அது. அறுவை சிகிச்சை செய்துகொண்டோரில் பெரும்பாலோர் மாற்றப்பட்ட உறுப்பின் தோற்றத்தில் நிறைவு அடைகின்றனர் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், அந்நிறைவு தன்மதிப்பாகவும் மனஅமைதியாகவும் விரியும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆண்டுகள் கழித்து எழக்கூடிய எண்ணங்கள்

கீழ்க்காணும் எண்ணங்களுள் ஒன்றோ பலவோ உங்களுக்கும் தோன்றியிருக்கலாம்.

• “அன்று அது எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. இன்றென்றால் செய்துகொண்டிருக்க மாட்டேன்.”
• “செய்துகொண்டதில் மகிழ்ச்சியே. ஆனால் அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.”
• “ஒன்றைச் சரிசெய்தேன். இப்போது வேறொன்று கண்ணை உறுத்துகிறது.”
• “இது என் விருப்பமா, மற்றவர்களின் சொல்லுக்காகச் செய்துகொண்டதா என்று தெரியவில்லை.”

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில், இருபத்திரண்டு வயதில் மூக்கைத் திருத்திக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அதனால் எவ்விதத் தொந்தரவும் இல்லை. நாற்பதாவது வயதில் தம் மகளின் முகத்தில் அந்தப் பழைய மூக்கையே அவர் காண்கிறார். தாம் வெறுத்து நீக்கிக்கொண்ட ஒன்று, மகளின் முகத்தில் அழகாகவே தெரிகிறது. “எனக்கு மட்டும் ஏன் உங்களைப் போல் மூக்கு இல்லை?” என்று மகள் கேட்கும்போது அவருக்கு விடை தெரியவில்லை. அறுவை சிகிச்சையில் பிழை ஏதும் இல்லை. உடலிலும் கோளாறு இல்லை. இருந்தும் அவருக்குள் ஒரு துயரம் எழுகிறது. இத்தகைய துயரத்திற்கு மருத்துவ நிலையத்தில் மருந்து இல்லை என்றாலும், பேசித் தெளிவதற்கு வழி உண்டு.

இளமையில் எடுத்த ஒரு முடிவை இன்றைய அறிவைக் கொண்டு அளந்து, உங்களையே கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்று இருந்த அழுத்தமும் அறிவும் வேறு. ஒரு முடிவைப் பற்றி வருந்துவதும், அம்முடிவை எடுத்த இளவயதினரான உங்கள்மீது பரிவு கொள்வதும் ஒருங்கே இயலும்.

காலம் செல்லச் செல்ல உடலில் நிகழ்பவை

அறுவை சிகிச்சை முதுமையை நிறுத்துவதில்லை. திருத்தப்பட்ட உறுப்பும் உடலின் பிற பகுதிகளோடு சேர்ந்தே மாறுகிறது.

மூக்கு: வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும், நுனிப்பகுதியில் கடைசியாகவே வடியும். பல ஆண்டுகள் கழிந்து தோல் மெலியும்போது உள்ளிருக்கும் குருத்தெலும்பின் மேடுபள்ளங்கள் வெளித்தெரியக்கூடும். மூச்சுவிடுவதில் தடை இருந்தால் அது தோற்றம் பற்றிய குறையன்று. காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகவும்.

கொழுப்பு உறிஞ்சுதல்: நீக்கப்பட்ட கொழுப்பு அணுக்கள் திரும்புவதில்லை. ஆயினும் உடல் எடை கூடினால், எஞ்சியுள்ள அணுக்கள் பெருத்து உடலின் வடிவம் மீண்டும் மாறும்.

தலைமுடி நடுதல்: நடப்பட்ட முடி பெரும்பாலும் நிலைத்திருக்கும். அதைச் சுற்றியுள்ள இயற்கையான முடி உதிர்வது தொடரலாம். ஆண்கள் பலர் இதனைச் சிகிச்சையின் தோல்வி எனத் தவறாகக் கருதுகின்றனர்.

தழும்புகள்: பெரும்பாலான தழும்புகள் காலப்போக்கில் மங்கும். கருநிறத் தோல் உடையோருக்குத் தடித்து வளரும் கீலாய்டு தழும்புகள் ஏற்படும் வாய்ப்பு அதிகம். அவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்டலாம்.

மார்பக உள்வைப்பு உடையோர் அறிய வேண்டியவை

சிலிக்கோன் உள்வைப்பு முதன்முதலில் 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் உணர்த்துவது ஒன்றே: உள்வைப்பு உடலில் எவ்வளவு காலம் இருக்கிறதோ, அவ்வளவுக்குச் சிக்கல் ஏற்படும் வாய்ப்பும் கூடும். எனவே பலருக்கு என்றேனும் அதனை நீக்கவோ மாற்றவோ நேரிடும்.

• உள்வைப்பைச் சுற்றி உடல் உருவாக்கும் உறை இறுகி, மார்பகம் கடினமாகி வலிக்கலாம்.
• சிலிக்கோன் உள்வைப்பு கிழிந்தாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். ஆதலால், பொருத்தி 5 முதல் 6 ஆண்டுகளில் ஒரு முறையும், அதன்பின் 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்டு பரிசோதனை செய்துகொள்ளுமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது.
• மிக அரிதாக, உள்வைப்பைச் சுற்றியுள்ள உறையில் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றலாம். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட உள்வைப்புகளோடே இது பெரும்பாலும் தொடர்புடையது. இதன் காரணமாக 2019ஆம் ஆண்டு ஒரு வகை உள்வைப்பு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பொருத்திப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்க மார்பகம் வீங்குவது இதன் பொதுவான அறிகுறி. தொடக்கத்திலேயே கண்டறிந்தால், உள்வைப்பையும் உறையையும் அகற்றுவதன் மூலம் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.
• களைப்பு, மூட்டுவலி, நினைவுத் தடுமாற்றம் போன்ற தொந்தரவுகளைச் சிலர் தெரிவிக்கின்றனர். இவற்றை உள்வைப்போடு தொடர்புபடுத்தி உறுதிசெய்யும் தனிப் பரிசோதனை இல்லை. உள்வைப்பை அகற்றியபின் சிலர் நலமடைந்துள்ளனர். இத்தொந்தரவுகளை “மனப்பிரமை” என்று ஒதுக்காமல், பிற நோய்கள் உள்ளனவா என முதலில் ஆராய வேண்டும்.

அறிகுறி ஏதும் இல்லாதவர் அச்சத்தின் காரணமாக மட்டும் உள்வைப்பை அகற்ற வேண்டிய தேவை இல்லை. மாறாக, உள்வைப்பு பற்றிய விவரங்கள் உங்கள் கையில் இருப்பது அவசியம். தயாரிப்பாளர் பெயர், வகை, வரிசை எண் ஆகியவை கொண்ட அட்டையைப் பாதுகாத்து வைக்கவும். அட்டை இல்லையெனில், அறுவை நடந்த மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரியும் அறுவைக் குறிப்பும் கேட்டுப் பெறவும். மேமோகிராம் எடுக்கச் செல்லும்போது உள்வைப்பு இருப்பதை ஊழியரிடம் முன்கூட்டியே கூறவும். அதற்கெனப் படம் எடுக்கும் முறை வேறுபடும். வெட்கத்தினால் இதனை மறைப்பது நோயைக் கண்டறிவதற்குத் தடையாகும்.

குறை இடம் மாறிக்கொண்டே இருந்தால்

சிலருக்கு ஒரு குறை சீரானவுடன் மனம் மற்றொரு குறையைத் தேடிச் செல்கிறது. பிறர் கண்ணுக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிதாகத் தெரியும் ஒரு குறையைப் பற்றி நாள்தோறும் மணிக்கணக்கில் எண்ணுதல், கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தல் அல்லது முற்றிலும் தவிர்த்தல், ஒளிப்படங்களில் நிற்க மறுத்தல், விழாக்களுக்குச் செல்லாதிருத்தல் ஆகியவை உடல் உருவக் குலைவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்துள்ளார். பொதுமக்களில் 100 பேரில் ஏறக்குறைய இருவருக்கு இது உண்டு. அழகியல் சிகிச்சை நாடுவோரிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம்.

இந்நோய் உடையோருக்கு மேலும் ஓர் அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஆறுதல் அளிப்பதில்லை. சில வேளைகளில் துயரத்தை அது கூட்டவும் செய்யும். பயன் தருபவை எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், மனநல மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்துகளுமே. இது செருக்கோ பொழுதுபோக்கோ அன்று. சிகிச்சையால் தணியக்கூடிய நோய்.

மறு அறுவை பற்றிச் சிந்திக்கும் முன்

முன்பே அறுவை நடந்த இடத்தில் உள்தழும்பு இருப்பதால், இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினமானது. மூக்கைப் பொறுத்தவரை, காதிலிருந்தோ விலா எலும்புப் பகுதியிலிருந்தோ குருத்தெலும்பு எடுக்க நேரிடலாம். முதல் அறுவைக்குப்பின் ஓராண்டேனும் பொறுத்திருப்பது பொதுவான வழக்கம். முடிவெடுக்கும் முன் இவ்வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளவும்.

1. எது என்னைத் துன்புறுத்துகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல இயலுமா?
2. இக்குறை நேற்றும் இருந்ததா, அண்மையில் நேர்ந்த ஓர் இழப்பிற்கோ பிரிவிற்கோ பின் தோன்றியதா?
3. இது சீரானால் என் வாழ்வில் எது மாறும் என எதிர்பார்க்கிறேன்? அம்மாற்றத்தை அறுவை தர இயலுமா?
4. யாரும் என்னைக் காணாத ஊரில் வாழ்ந்தாலும் இதைச் செய்துகொள்வேனா?

விடைகளை எழுதி வைத்து, மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் படிக்கவும். எண்ணம் மாறாமலிருந்தால், தகுதி பெற்ற ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை மருத்துவரை நாடவும். இயன்றால் முதல் அறுவையில் தொடர்பில்லாத மற்றொரு மருத்துவரின் கருத்தையும் பெறவும். உள்வைப்பை அகற்ற விரும்புவோர், அகற்றியபின் மார்பகம் எவ்வாறு தோன்றும் என்பதை முன்பே கேட்டறிவது நன்று. அது அறுவைக்கு முந்தைய பழைய வடிவத்திற்குத் திரும்பும் எனக் கொள்ளக்கூடாது.

குடும்பத்தினரும் பராமரிப்போரும் செய்யக்கூடியவை

• “நீயாகத் தேடிக்கொண்டதுதானே” என்று சொல்ல வேண்டாம். இச்சொல்லுக்கு அஞ்சியே பலர் வலியையும் வீக்கத்தையும் மறைத்து, மருத்துவரிடம் தாமதமாகச் செல்கின்றனர்.
• “நன்றாகத்தானே இருக்கிறாய்” என்ற சொல்லும் பெரும்பாலும் உதவுவதில்லை. “எது உன்னை வருத்துகிறது?” என்று கேட்டு, குறுக்கிடாமல் செவிசாய்க்கவும்.
• நிறம், எடை, மூக்கு, முடி ஆகியவற்றைப் பற்றிய கேலிப்பேச்சை வீட்டில் தவிர்க்கவும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தன்னுருவமும் அவ்வேளையில்தான் உருவாகிறது.
• உங்கள் அறுவை பற்றிப் பிள்ளைகள் கேட்டால், வயதிற்கேற்ப உண்மையைக் கூறலாம். மேலே கண்ட தாய், “என் மூக்கும் உன்னுடையதைப் போலத்தான் இருந்தது. அது அழகில்லை என்று மற்றவர்கள் சொன்னதை அன்று நம்பிவிட்டேன்” என்று மகளிடம் கூறலாம். அவ்விடை மகளுக்குத் தன் முகத்தின் வரலாற்றைத் தருகிறது; தாய்க்கும் அது ஆறுதலாகலாம்.

எப்போது உதவி பெற வேண்டும்?

மார்பகத்தில் புதிதாக வீக்கம், கட்டி, வலி அல்லது வடிவ மாற்றம், தழும்பில் புண் அல்லது சீழ், மூச்சுத்தடை ஆகியவை இருந்தால் தாமதமின்றி மருத்துவரை அணுகவும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறையும் மனநலத் துறையும் இயங்குகின்றன. அறுவை எங்கு நடந்திருந்தாலும் அங்கு ஆலோசனை பெறலாம்.

தோற்றம் பற்றிய எண்ணம் உறக்கத்தையோ வேலையையோ உறவுகளையோ குலைத்தால் மனநல உதவி நாடவும். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். டெலி மானஸ் உதவி எண் 14416ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம். உடனடி ஆபத்து எனில் 108ஐ அழைக்கவும்.

உங்கள் அறுவை பற்றி மருத்துவரிடம் கூறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. எந்த ஆண்டில், எங்கே, என்ன செய்யப்பட்டது என்பதும், அதைப் பற்றி இன்று உங்கள் மனநிலை என்ன என்பதும் அவருக்குத் தேவையான தகவல்கள். அடுத்த முறை செல்லும்போது இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லவும்.