பரம்பரை கேட்காத வாத்தியம்

நெடுங்காட்டுக்காரர்களுக்கு வாத்தியம் புதிய சமாசாரம் அல்ல. காரைக்கால் அம்மையார் பிறந்த சீமை இது. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்பு அந்த அம்மையார் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்தில், ஒரே பாட்டில் சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களைச் சொல்லி, தக்கை, தாளம், வீணை, மத்தளம், தமருகம், குடமுழா என்று ஒரு பெரிய கோஷ்டியையே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். அந்த வரிசையில் இல்லாத வாத்தியம் ஒன்று இப்போது எங்கள் கொம்யூனுக்குள் நுழையப் பார்க்கிறது. அதன் பெயர் எலெக்ட்ரிக் கிடார்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், "சித்தப்பா, கையைக் கடிக்காத விலையில ஒரு எலெக்ட்ரிக் கிடாரும், வீட்டுல வச்சுப் பழக ஒரு சின்ன ஆம்பும் வாங்கணும். எதை வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்டான். அவன் தகப்பனார் திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே, "ஆறு கம்பி கட்டின பலகைக்குச் சம்பாப் பணத்தைக் கொட்டணுமாம். கரண்டு போனா அதுவும் ஊமையாம்" என்று தம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டார். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாலு இடத்தில் விசாரித்தேன், கொஞ்சம் படித்தேன். விலைப்பட்டியலைத் தேடிப் போன எனக்கு ஒரு சரித்திரம் கிடைத்தது.

முதலில் நம் பக்கத்து வாத்தியங்களை எண்ணிப் பாருங்கள். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து காய்ந்துபோன ஆச்சா மரத்தை வாங்கிவந்து, அங்கே ஆசாரிமார்கள் நாகஸ்வரம் கடைகிறார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு ரங்கநாத ஆசாரி செய்து கொடுத்த நீண்ட பாரி நாகஸ்வரம் இந்த ஊரில் பிறந்ததுதான். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாம் பெருமைதான். ஆனால் அந்த வாத்தியத்தைக் கையில் எடுக்கும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்பதை அவன் பிறக்கும் முன்பே ஊர் தீர்மானித்து வைத்திருந்தது. நாகஸ்வரம் ஒரு வீட்டில், பறை ஒரு தெருவில், வீணை இன்னொரு தெருவில். வாத்தியம் வாங்கப் பணம் இருந்தால் போதாது, தாத்தாவும் வேண்டும்.

வெளியூர் வாத்தியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பிடில் அப்படித்தான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் வாசித்ததைக் கேட்டு அதைக் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் தந்தத்தால் இழைத்த பிடிலை 1834-ல் பரிசளித்தார். அன்றைக்கு அது அந்நியப் பலகை. இன்றைக்கு அது இல்லாமல் கச்சேரி களை கட்டுவதில்லை.

கிடாரின் கதை இதைவிட வேடிக்கையானது. அது பிடிலைப் போல மதிப்போடு உள்ளே வரவில்லை. அமெரிக்காவிலேயே அது ஒரு ஏழை வாத்தியம். 1920-களில் அங்கே நடனக் கூடங்களில் எக்காளமும் சாக்ஸபோனும் முழங்கும்போது, மூலையில் கிடார் வாசிக்கிறவனுக்கு விரல் அசைவது தெரியும், சத்தம் கேட்காது. ஜார்ஜ் போஷாம் என்ற ஹவாய்க் கிடார்க்காரருக்கு இது பெரிய மனக்குறை. ரிக்கன்பாக்கர் என்ற உலோகப் பட்டறைக்காரருடன் சேர்ந்து அவர் 1931-ல் ஒரு மாதிரி செய்து பார்த்தார். 1932-ல் அது அலுமினிய வார்ப்பாகக் கடைக்கு வந்தது. பார்ப்பதற்கு வறைச் சட்டி போல இருந்ததால் 'வறைச் சட்டி' என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

அதன் சூட்சுமம் எளிது. குதிரை லாட வடிவில் காந்தம்; அதன் அருகே மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய சுருள்; மேலே எஃகுத் தந்தி. தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் கலைகிறது. கலைந்தால் சுருளில் மின்சாரம் துளியூண்டு பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த விதிதான். அந்தத் துளியைப் பெருக்கி ஒலிபெருக்கியில் கொட்டுவது ஆம்ப்ளிபையரின் வேலை. ஆகையால் எலெக்ட்ரிக் கிடார் என்பது பாதி வாத்தியம்தான். மறுபாதி அந்தப் பெட்டி. நம் வீணைக்குக் குடம் எப்படியோ, இதற்கு ஆம்ப் அப்படி. கிடாருக்கு எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஆம்புக்கு மிச்சத்தைப் பார்க்கலாம் என்கிறவன் குடம் இல்லாத வீணையை வாங்கப் போகிறான்.

இதை விலை குறைத்தவர் யார்? கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த லியோ பெண்டர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! சங்கீத ஞானம் இல்லாததே ஒரு சௌகரியமாகப் போயிற்று. குடைந்து இழைத்த உடல் எதற்கு, பலகையே போதுமே என்றார். கழுத்தை ஒட்டுவானேன், நாலு திருகாணி போட்டு முடுக்கினால் கெட்டுப்போனதைக் கழற்றி வேறு மாட்டலாமே என்றார். 1950-ல் அந்தப் பலகைக் கிடார் விற்பனைக்கு வந்தது. 1954-ல் புகழ்பெற்ற ஸ்ட்ராட்டகாஸ்டர். வீட்டில் பழகுகிறவர்களுக்காக எட்டு அங்குல ஒலிபெருக்கி வைத்த ஒரு சின்ன ஆம்பையும் செய்தார். பெரிய வித்வான்கள் முதலில் சிரித்தார்கள். படகுத் துடுப்பு என்றார்கள். இன்று உலகத்தில் விற்கும் மலிவுக் கிடார்களில் பெரும் பகுதி அந்தத் துடுப்பின் பேரன் பேத்திகள்தாம்.

இதற்கும் ஒரு படி கீழே இறங்கினவர் நேதன் டேனியல். அவருடைய டானெலெக்ட்ரோ கம்பெனி, மரச்சட்டத்தின் மேல் மேசனைட் என்ற அழுத்திய நார்ப்பலகையை அடித்துக் கிடார் செய்தது. காந்தச் சுருளை மூடுவதற்குப் பெண்கள் உதட்டுச் சாயம் வைக்கும் உலோகக் குழாயை எடுத்துக்கொண்டது. சியர்ஸ் என்ற பெரிய வியாபார ஸ்தலத்துக்காக 1962-ல் அவர் செய்து கொடுத்த கிடாரின் பெட்டிக்குள்ளேயே மூன்று வாட் ஆம்ப் பொருத்தியிருந்தது. பெட்டியைத் திறந்தால் கிடார். பெட்டியை நிறுத்தினால் ஆம்ப். விலை 67 டாலர் 95 சென்ட். தபாலில் எழுதிப் போட்டால் பட்டிக்காட்டுக்கும் வந்து சேரும். அமெரிக்காவில் எத்தனையோ பையன்களுக்கு முதல் குரு அந்தப் பெட்டிதான்.

பணமில்லாதவன் கை சும்மா இருப்பதில்லை என்பதற்கு இங்கிலாந்திலும் சாட்சி உண்டு. 1963-ல் பிரையன் மே என்ற பள்ளிக்கூடப் பையன், கடைக் கிடார் வாங்க வசதியில்லாமல், தகப்பனாருடன் உட்கார்ந்து ஒன்றைத் தானே செய்யத் தொடங்கினான். பழைய கணப்படுப்பின் மரத்தில் கழுத்து. பழைய மோட்டார் சைக்கிளின் சுருள்வில். அம்மாவின் பின்னல் ஊசி முனை. நம்ம பம்பாய்ப் பக்கத்துப் பஞ்சகனியில் படித்த பிரெடி மெர்க்குரியோடு சேர்ந்து 'குயீன்' கோஷ்டியில் அவர் உலகமெல்லாம் வாசித்தது அந்தக் கிடாரைத்தான். 1964-ல் கிங்க்ஸ் கோஷ்டியின் டேவ் டேவிஸ் என்ற பையனோ, தன் மலிவான சின்ன ஆம்பின் ஒலிபெருக்கிக் காகிதத்தைச் சவரத் தகட்டால் கீறிவிட்டான். அதிலிருந்து வந்த கரகரப்புச் சத்தம் அந்த வருஷமே இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த பாட்டாயிற்று. விலை உயர்ந்த ஆம்பை யாராவது கத்தியால் கீறுவார்களா?

இந்தியாவுக்கு மின்சாரக் கிடார் ஹவாய் வழியாகத்தான் வந்தது. 1940-களில் டவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்தார். அந்தக் காற்றில் வங்காளத்துக்குக் கிடார்ப் பித்துப் பிடித்தது. பிறகு பிரிஜ் பூஷன் காப்ரா அதை மடியில் படுக்க வைத்து ஹிந்துஸ்தானி ராகம் வாசித்தார். 1967-ல் அவர் சிவகுமார் சர்மாவோடும் ஹரிபிரசாத் சௌராசியாவோடும் சேர்ந்து கொடுத்த 'கால் ஆஃப் தி வாலி' இசைத்தட்டை அறியாத ரசிகர்கள் குறைவு. தமிழ்நாட்டில், பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த ராஜையா என்ற இளைஞர் தன்ராஜ் மாஸ்டரிடம் கிடார் கற்றார். இசையமைப்பாளர்களுக்கு வாசித்துக் காலம் தள்ளினார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது அவர் பெயர் இளையராஜா. அவர் கையில் இருந்த கிடார் எந்தப் பரம்பரையையும் விசாரிக்கவில்லை. சரித்திரத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கர்நாடக சங்கீதத்துக்கு இந்த மின்சாரம் என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு உ. ஸ்ரீநிவாஸ் பதில். 1969-ல் ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்தவர். வீட்டில் தகப்பனார் வைத்திருந்த மாண்டலினை ஆறு வயதில் எடுத்துக்கொண்டார். சாதாரண மாண்டலினில் தந்திகள் இரட்டை இரட்டையாக எட்டு. தட்டினால் 'டிங்' என்று ஒலித்து அணைந்துவிடும். ஒலி அணைந்துவிட்டால் கமகம் எங்கே நிற்கும்? அவர் மின்சார மாண்டலினை எடுத்து, ஒற்றைத் தந்தியாக ஐந்தைக் கட்டினார். தந்தியை இழுத்து வளைக்க இடம் கிடைத்தது. ஆம்ப் அந்த ஒலியை அணையாமல் தாங்கிக் கொடுத்தது. 1981-ல் சென்னையில் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் வாசித்தபோது, இது என்ன சினிமா வாத்தியம் என்று முகம் சுளித்தவர்களும் கடைசி வரை உட்கார்ந்து கேட்டார்கள். 2014-ல், 45 வயதில் அவர் மறைந்தபோது மாண்டலின் நம் வாத்தியமாகிவிட்டிருந்தது.

இனி, வாங்குகிற விஷயம். மலிவு வேறு, மட்டம் வேறு. வீணை தெரிந்தவர்களுக்குக் கிடாரைச் சோதிப்பது கஷ்டமல்ல. பிருடையைத் திருகிச் சுருதி சேருங்கள். பத்து நிமிஷம் வாசித்த பிறகும் சுருதி நிற்கிறதா? வெறுந்தந்தியையும் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்திய தந்தியையும் மீட்டுங்கள்; மேல் ஷட்ஜம் சரியாகச் சேருகிறதா? அந்த மெட்டில் தந்தி சுமார் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்கிறதா? அதற்கு மேல் தூக்கி நின்றால் விரல் நோகும்; பையன் ஒரு மாதத்தில் கிடாரை ஆணியில் மாட்டிவிடுவான். குறை வாத்தியத்தில் இருக்க, பழி அவன் சோம்பல் மேல் விழும். மெட்டுகளின் ஓரம் கையைக் கிழிக்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால் தலையில் யார் பெயர் எழுதியிருந்தால் என்ன? வர்ணம் சத்தம் போடாது.

ஆம்புக்கு ஐந்து வாட் போதும். பத்து வாட் தாராளம். பக்கத்து வீட்டுத் திண்ணையின் சாபம் வேண்டாம் என்றால் காதில் மாட்டிக் கேட்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் மூன்று முளைப் பிளக்குக்கு எர்த் ஒழுங்காக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆம்ப் இரையும், கையும் சுரீர் என்னும். நம் கடற்கரைக் காற்று உப்புக் காற்று. எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதும், மாற்றுத் தந்தி ஒரு செட் வைத்துக்கொள்வதும் காரைக்கால் பக்கத்துக்குத் தனி விதி. எங்கள் ஊரில் அநேக வீடுகளுக்குப் பிரான்ஸில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறார்கள். 1954-ல் கொடி இறங்கியும் உறவு இறங்கவில்லை. அவர்களைக் கிடார் கொண்டுவரச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் கையால் தொட்டு, சுருதி பார்த்து வாங்கிய உள்ளூர்க் கிடார் மேல்.

மலிவு வாத்தியத்தைக் கேவலமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உத்தமமான நாகஸ்வரமும் வீணையும் என்றும் இருக்கட்டும். அவற்றின் முன் நான் கைகட்டி நிற்பவன். ஆனால் ஒரு வாத்தியம் கடைக்கு வந்து, கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையும் எட்டிப் பிடிக்கும் விலையில் தொங்கும்போது, பல தலைமுறையாகச் சாத்தியிருந்த ஒரு கதவு ஓசையில்லாமல் திறக்கிறது. அந்தக் கதவு வழியாக வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாலு பாட்டு வாசித்துவிட்டு வேறு ஜோலி பார்க்கப் போவார்கள். போகட்டும். பரம்பரை வீடுகளில் மட்டும் எல்லாப் பிள்ளைகளும் வித்வான் ஆகிவிட்டார்களா? மீதிப் பத்துப் பேரில் யார் என்ன ஆவார்கள் என்பது, பாலகொல்லுவில் ஒரு பிள்ளை தகப்பனாரின் மாண்டலினைத் தொட்டபோதும், பண்ணைப்புரத்திலிருந்து ஒருவர் சென்னைக்குப் புறப்பட்டபோதும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.