வீடே தொழிற்சாலை, விடுமுறையே வேலைக்காலம்: புத்தளக் கரையோரத்தின் கதை

2020 மார்ச் 12ஆம் திகதி, அரசாங்கப் பாடசாலைகள் அனைத்தும் மறுநாள் முதல் ஏப்ரல் 20 வரை மூடப்படும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரவேண்டிய முதலாந் தவணை விடுமுறை, சில வாரங்கள் முந்தி வந்து சேர்ந்தது. அடுத்து, மார்ச் 20 முதல் 27 வரையான நாட்களை 'வீட்டிலிருந்து பணிபுரியும் வாரம்' என்று அரசாங்கம் பிரகடனம் செய்தது. புத்தளத்தின் கரையோர மக்களுக்கோ அதற்கும் இரு நாட்கள் முன்னரே, மார்ச் 18 மாலை 4.30 மணிக்கு, ஊரடங்கு வந்துவிட்டது. வென்னப்புவ, மாரவில, சிலாபம் முதலிய ஊர்களில் இத்தாலியில் தொழில் புரிந்து திரும்பியோர் அதிகம் என்பதால், கொள்ளை நோயின் முதற் பார்வை இக்கரையின் மீதே விழுந்தது.

பிள்ளைகளுக்கு விடுமுறை, பெற்றோருக்கு வீட்டிலேயே வேலை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஒரே வேளையில் வந்ததைக் கொழும்பின் அலுவலகக் குடும்பங்கள் ஒரு புதுமையாகவும் பெருந்தொல்லையாகவும் கண்டன. பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே கணினி முன் அமர்ந்து வேலை செய்வது எங்ஙனம் என்று பத்திரிகைகள் ஆலோசனை கூறின. ஆயின், கற்பிட்டி முதல் வென்னப்புவ வரை நீளும் கரையோரத்திற் பல்லாயிரம் குடும்பங்களுக்கு இதிற் புதுமை ஏதுமில்லை. அங்கு வீடு எப்போதும் தொழிற்களமே. வேறுபாடு ஒன்றுதான். கொழும்பில் விடுமுறைப் பிள்ளை வேலைக்கு இடையூறு. இக்கரையில் விடுமுறைப் பிள்ளை வேலைக்கு வந்த இன்னொரு கை.

கருவாட்டுத் தொழிலை எடுத்துக்கொள்வோம். படகு கரை சேர்ந்ததும் ஆணின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். விற்றது போக எஞ்சிய மீன் வீட்டு முற்றத்துக்கு வரும். அதனைக் கீறிக் குடல் நீக்கிக் கழுவி, உப்பிட்டு அடுக்கி, வெயிலிற் பரப்பி, புரட்டிப் போட்டு, மழை இருட்டினால் ஓடி வாரி உள்ளே சேர்ப்பது பெண்களின் வேலை. காகம் விரட்டுவது பிள்ளைகளின் வேலை. இதற்கு நேரமும் இல்லை, கூலியும் இல்லை. கணக்கெடுக்க வருவோரிடம் அத்தாய் தன் தொழிலை 'வீட்டுப்பணி' என்றே சொல்வாள்.

கிடுகு பின்னுவதும் அவ்வாறே. புத்தளம் மாவட்டத்தின் தென்பாதி 'தென்னை முக்கோணம்' எனப்படும் நிலப்பரப்பைச் சேர்ந்தது. தென்னோலையை நடுவே பிளந்து, நீரில் ஊறவிட்டு, திண்ணையில் அமர்ந்து பின்னும் பெண்ணுக்கு அருகில், ஓலையை எடுத்துக் கொடுக்கவும் பின்னியதை அடுக்கவும் ஒரு சிறுமி இருப்பாள். மகாவெவ, மாரவில பகுதிகளிற் சுற்றுலாவோடு வளர்ந்த பத்திக் துணித் தொழிலிலும், மெழுகிடுவதும் சாயம் தோய்ப்பதும் வீட்டோடு சேர்ந்த கொட்டகைகளில் நடந்தன.

கடலின் பருவமும் பாடசாலையின் தவணையும் ஒன்றோடொன்று இணங்கியதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். அக்காலத்தில் உடப்பு, சிலாபம் ஆகிய ஊர்களின் மீனவர் முல்லைத்தீவுக்கும் கீழ்க்கரைக்கும் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். போர் அதனைக் குலைத்தது. குடும்பத்தோடு சென்றவர்களின் பிள்ளைகளுக்கு இரண்டாந் தவணை என்பதே இல்லாமற் போயிற்று. ஓகஸ்ட் விடுமுறையோ திருவிழாக்களின் காலமுமாகும். உடப்பு திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு, முன்னேசுவரத்தின் பெருவிழா, தலவில புனித அன்னம்மாள் திருவிழா ஆகியன அந்நாட்களை ஒட்டியே வருகின்றன.

இன்னொரு சிறப்பும் இங்கு உண்டு. அரசாங்கத்தின் முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனியான நாட்காட்டி. நோன்பு மாதத்தில் அவை மூடப்படும். எனவே ஒரே வீதியின் இரு புறத்திலும் இரு வேறு விடுமுறைகள். ஒரு வீட்டில் முற்றம் நிறைந்திருக்கும்போது அடுத்த வீட்டிற் புத்தகப்பை தொங்கும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் வந்தடைந்தது இம்மாவட்டத்தையே. ஓலைக் குடிசை முகாம்களில் வாழ்ந்த பெண்கள் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குச் சென்றனர். குடிசையில் இருந்தவாறு கிடுகும் பின்னினர். உள்ளூர்ப் பாடசாலைகளின் கட்டடங்கள் போதாமையால், இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பிற்பகலில் வகுப்புகள் நடந்தன. பிற்பகலிற் படிக்கும் பிள்ளைக்கு முற்பகல் முழுவதும் ஓய்வு என்று கருதியோர், வறிய வீட்டின் முற்பகலை அறியாதவர்கள்.

பாடசாலைக்கும் பிள்ளையின் உழைப்புக்கும் உள்ள இழுபறி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஸ்கொட்லாந்தில் ஒக்டோபர் விடுமுறைக்கு 'உருளைக்கிழங்கு விடுமுறை' என்றே பெயர். கிழங்கு பொறுக்கப் பிள்ளைகள் வேண்டியிருந்தமையால் ஏற்பட்டது அது. இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில், பியர் காய்ச்சப் பயன்படும் ஹொப் பூக்கள் முற்றும் காலத்தைப் பார்த்துப் பாடசாலைகள் திறந்தன. அங்கெல்லாம் வேலைக்கு ஏற்ப விடுமுறையை வகுத்துக்கொண்டார்கள். நம் கடற்கரைக்கு அந்தச் சலுகையும் கிட்டவில்லை. கொழும்பில் வரைந்த நாட்காட்டியைக் கடல் ஏற்கவில்லை.

சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி கிடைத்தது. பெண்கள், இளைஞர், சிறுவரை வேலைக்கமர்த்தல் பற்றிய சட்டம் 1956இல் வந்தது. 5 முதல் 14 வயது வரையான கட்டாயக் கல்வி 1998இல் நடைமுறைக்கு வந்து, 2016இல் 16 வயது வரை உயர்ந்தது. வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதும் 2021இல் 16 ஆயிற்று. இவை பெரும் பேறுகள், ஐயமில்லை. ஆயினும் இச்சட்டங்களின் கண் முதலாளியைத் தேடுகிறது. சொந்த முற்றத்தில், சொந்தத் தாயின் அருகில், கூலியின்றி வேலை செய்யும் பிள்ளைக்கு முதலாளி யார்? 'உதவி' என்ற அன்பான சொல்லுக்குள் அந்த உழைப்பு மறைந்துவிடுகிறது. தாயின் நிலையும் அதுவே. வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்போருக்கான உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் தாபனம் 1996இல் நிறைவேற்றியது. உலகில் மிகச் சில நாடுகளே அதனை ஏற்றன.

மீண்டும் 2020க்கு வருவோம். ஏப்ரல் 20 வரை என்று தொடங்கிய விடுமுறை, இடையிடையே திறப்பும் மூடலுமாக நீண்டது. 2021 ஏப்ரல் இறுதியில் மூடிய பாடசாலைகள் ஒக்டோபர் 21இல்தான், அதுவும் 200க்குக் குறைந்த மாணவர் கொண்ட ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து, கட்டங்கட்டமாகத் திறக்கத் தொடங்கின. பாடங்கள் கைத்தொலைபேசியில் வந்தன. வீட்டில் ஒரே தொலைபேசி இருந்து, அதையும் தந்தை கடலுக்குக் கொண்டு சென்றால், பாடமும் கடலுக்குச் சென்றது. மூச்செடுக்குமுன் 2022இன் எரிபொருள் நெருக்கடி வந்து பாடசாலைகளை மறுபடி மூடியது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 340 ரூபாவானபோது, சிறு படகுகள் கரையில் கிடந்தன. வருமானம் குன்றிய வீட்டில் ஒவ்வொரு கையும் கணக்கிற்கு வரும். பத்து வயதுக் கையும் கூட.

தாய்மாரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. முற்றத்தில் தாயோடிருந்து தொழில் பழகிய பிள்ளை பெற்றதும் ஒரு கல்வியே. கடலையும் காற்றையும் மீனையும் அறிந்தவர்கள் அப்படித்தான் உருவானார்கள். ஆனால் விடுமுறைக்கு ஒரு முடிவு இருக்கும்வரையே அது பழக்கம். பாடசாலை மணி மீண்டும் அடிக்கும் என்ற உறுதிதான், காகம் விரட்டும் சிறுவனைத் தொழிலாளி ஆகாமற் காத்து வந்தது. அந்த மணி மாதக்கணக்கில் ஓய்ந்தபோது, அவனுக்கு அரணாக வேறொன்றும் இருக்கவில்லை.

ஆகவே, ஒரு நெருக்கடி வந்து பாடசாலைகளை மூட வேண்டும் என்று ஆட்சியாளர் ஆலோசிக்கும்போது, வீட்டிலிருந்து பணிபுரிவோர் எனக் கணினி முன் இருப்போரை மட்டும் எண்ணுதல் தகாது. உப்புக் கரித்த கைகளோடு முற்றத்தில் இருப்பவர்களையும் அவ்வெண்ணிக்கையிற் சேர்த்தல் வேண்டும். அவர்களருகே நிற்கும் பிள்ளைக்கு, பாடசாலை திறக்கும் நாளை முதலிற் சொல்லிவிட்டே மூட வேண்டும்.