கருதுகோள் சோதனைகளும் பழவேற்காட்டுப் பாடும்

பழவேற்காடு ஏரி மீனவர்கள் இறால் பிடிக்கும் இடங்களைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் 'பாடு' எனப்படும். ஓரிடத்தில் இறால் கூடுதலாகக் கிடைத்தால் அது இடத்தின் வளமா, தற்செயலா? இதை ஆராய்வதே கருதுகோள் சோதனை. 'வேறுபாடு இல்லை' என்னும் இன்மைக் கருதுகோளை முதலில் எடுத்துக்கொண்டு, இத்தகைய வேறுபாடு தற்செயலாக வருவது எவ்வளவு அரிது எனக் கணக்கிடுவர்.

1900இல் கார்ல் பியர்சன் கை-வர்க்கச் சோதனையை வெளியிட்டார். வலை வகைக்கும் குடும்பம் கடன்பட்டிருப்பதற்கும் தொடர்பு உண்டா என, எண்ணிக்கைகளைக் கொண்டு அறிய இது உதவும்.

1908இல் டப்ளின் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் டி-சோதனைக்கு அடித்தளமிட்டார். இது சிறு மாதிரிகளின் சராசரிகளை ஒப்பிடும். பாடு முறையில் ஒரே குழு இரு இடங்களிலும் மாறிமாறி வலை கட்டினால், இணை டி-சோதனையே பொருந்தும். இல்லையேல் குழுவின் திறமை இடத்தின் வளமாகத் தோன்றக்கூடும். மூன்றோ அதற்கு மேற்பட்டோ இடங்களின் சராசரிகளை ஒப்பிட, ரொனால்ட் ஃபிஷர் உருவாக்கிய மாறுபாட்டுப் பகுப்பாய்வு உள்ளது.

இன்மைக் கருதுகோள் மறுக்கப்படாவிட்டால், சான்று போதவில்லை என்றே பொருள். சில நாள் கணக்கை மட்டும் வைத்து எல்லா இடமும் சமம் என்று முடிவுகட்டினால், நட்டம் மீனவக் குடும்பத்துக்கே.