ராஜா கொடுத்த பதக்கமும் நேதாஜி கொடுத்த பதக்கமும்

காஞ்சிபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் சாயங்காலம் ஏதாவது ஒரு வீதியில் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும். முன்னால் பேண்டு செட்டு. சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், தோளில் ஜரிகைக் குஞ்சலம். நம்ம ஊர் வெயிலுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத இந்த உடுப்பு எங்கிருந்து வந்தது? எல்லாம் வெள்ளைக்காரப் பட்டாளத்திலிருந்து வந்ததுதான்!

கோயில் உற்சவத்துக்கு நாதஸ்வரமும் தவிலும் எப்படியோ, பட்டாளத்துக்கு பேண்டு அப்படி. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே காலை எடுத்து வைக்க வேண்டுமென்றால் டிரம் சத்தம் வேண்டும். சோர்ந்து போனவனை நடக்க வைக்க நல்ல மெட்டு வேண்டும். அதனால்தான் பிரிட்டிஷ் அரசு தன் இந்தியப் படைகளிலும் பேண்டு வைத்து, சின்னப் பையன்களைச் சேர்த்துப் பழக்கியது. அப்படிச் சேர்ந்த ஒரு பையனின் கதைதான் இது.

பெயர் ராம் சிங் தாக்கூரி. 1914 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, இமயமலை அடிவாரத்தில் தர்மசாலாவுக்குப் பக்கத்தில் கனியாரா என்ற கிராமத்தில் பிறந்தார். கூர்க்கா குடும்பம். 14 வயதில் முதலாம் கூர்க்கா ரைபிள்ஸ் படையின் இரண்டாம் பட்டாலியனில் பேண்டு பையனாகச் சேர்ந்தார். அங்கே மேற்கத்திய வாத்தியங்களைக் கற்றுக்கொண்டார். 1937-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான பதக்கம் கிடைத்தது. அதுவரை அவர் ராஜ விசுவாசமுள்ள ஒரு சிப்பாய்.

1941-ல் அவருடைய பட்டாலியன் மலாயாவுக்குப் போனது. டிசம்பரில் ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் போர்க்கைதிகளானார்கள். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ராம் சிங்கும் சேர்ந்தார்.

யோசித்துப் பாருங்கள். ராஜாவின் பதக்கத்தை வாங்கியவர், அதே ராஜாவுக்கு எதிரான படையில் சேருகிறார். பிடிபட்டால் துரோகி என்று விசாரணை. அது தெரிந்தே எடுத்த முடிவு.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். பாட்டில்லாமல் படை இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வன்ஷிதர் சுக்லா எழுதிய 'கதம் கதம் படாயே ஜா' பாட்டுக்கு ராம் சிங் மெட்டமைத்தார். நேதாஜி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தார். ஒரு வயலினையும் பரிசாகக் கொடுத்தார். கடைசிக் காலம் வரை ராம் சிங் பத்திரமாக வைத்திருந்தது அந்த வயலினைத்தான்.

இதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர்கள் பெருமளவில் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணி படையிலும் தமிழ்ப் பெண்களே அதிகம். வட இந்தியக் கவிஞர் எழுதி, கூர்க்கா மெட்டமைத்த பாட்டுக்கு, துப்பாக்கியையே முன்பின் பார்த்திராத தோட்டத் தமிழர்கள் அணிவகுத்தார்கள்!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'ஜன கண மன' பாட்டுக்கு மெட்டமைத்தவர் ராம் சிங்தான் என்று சிலர் சொல்வதுண்டு. தேதியைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். தாகூரின் அந்தப் பாட்டு 1911 டிசம்பர் 27-ல் கல்கத்தா காங்கிரஸில் பாடப்பட்டது. ராம் சிங் பிறந்ததே 1914-ல்! நடந்தது வேறு. தாகூர் பாட்டைத் தழுவி, எளிய இந்துஸ்தானியில் 'சுப சுக சைன்' என்ற பாட்டை ஆபித் ஹசனும் மும்தாஜ் உசேனும் எழுதினார்கள். அதை பேண்டு வாசிக்கும்படி அமைத்துக் கொடுத்தவர் ராம் சிங். இந்தப் பெருமையே போதும். இல்லாததைச் சேர்த்தால் இருப்பதையும் சந்தேகப்படுவார்கள்.

1945-ல் போர் முடிந்தது. ராம் சிங் கைதியாக டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டார். அந்த வருஷக் கடைசியில் ஷா நவாஸ், சேகல், தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகள் மீது செங்கோட்டையில் ராணுவ விசாரணை நடந்தது. இரண்டே வருஷம். 1947 ஆகஸ்டில் அதே செங்கோட்டையில் நேரு கொடியேற்றியபோது ராம் சிங்கின் குழு வாசித்தது. சுதந்திரம் வந்த நாளில் அவருக்கு 33 வயது நிறைந்தது. இதைவிடப் பெரிய பிறந்த நாள் பரிசு யாருக்குக் கிடைக்கும்?

ஆனால் அவர் திரும்ப ராணுவத்துக்குப் போகவில்லை. 1948-ல் லக்னோவில் உத்தரப் பிரதேச ஆயுதப் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, அங்கே பேண்டை வளர்த்தார். 1974-ல் ஓய்வு பெற்றார். 1979-ல் உ.பி. சங்கீத நாடக அகாடமி விருது, 1993-ல் சிக்கிம் அரசின் மித்ரசேன் விருது என்று கௌரவங்கள் வந்தன. 2002 ஏப்ரல் 15-ல் லக்னோவில் காலமானார்.

கணக்குப் புத்தகத்தில் ஒரே தொகையைப் பற்றிலும் வரவிலும் எழுதினால் மிச்சம் பூஜ்யம். ராம் சிங்கின் இரண்டு பதக்கங்களையும் அப்படிக் கழித்துவிட முடியாது. முதல் பதக்கத்தைக் கொடுத்த பட்டாளம்தான் அவருக்கு வாத்தியத்தையும் சொல்லிக் கொடுத்தது. அந்த வித்தையை யாருக்காக வாசிப்பது என்பதை மட்டும் அவரே முடிவு செய்தார்.

போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு தடை செய்த அவருடைய மெட்டை இன்று இந்திய ராணுவ பேண்டுகள் வாசிக்கின்றன. சிப்பாய்கள் அதற்குக் கால் எடுத்து வைக்கிறார்கள். ஒரு பேண்டு மாஸ்டருக்கு இதைவிடப் பெரிய பதக்கம் வேறென்ன வேண்டும்?