பந்தடிக்காத கை

தென்காசிக்குப் பக்கத்தில் இலத்தூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இருக்கிறாள். முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். போன சாரல் சமயம் குற்றாலம் போகிற வழியில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். காப்பித் தம்ளரை வலது கையால் தூக்க முடியாமல் இடது கையால் நீட்டினாள். முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி. டாக்டர் அதற்குச் சொன்ன பெயர், 'டென்னிஸ் எல்போ'.

"அந்தப் பந்தைக் கண்ணால பாத்ததுகூட இல்லியே, அண்ணாச்சி! இப்பம் கையைக் கிழிக்கணுமுன்னு சொல்லுதாவ. கிழிக்கலாமா?" என்று கேட்டாள்.

நாவல் எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் மனசை விட்டுப் போகவில்லை. ஊர் திரும்பியதும் இந்த வியாதியின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

முதல் ஆச்சரியம், இது பந்தாட்டக்காரர்களின் வியாதியே அல்ல என்பதுதான். 1873-ல் ருங்கே என்ற ஜெர்மானிய வைத்தியர் இதைப் பற்றி முதலில் எழுதியபோது, எழுதி எழுதிக் களைத்த கையின் நோவாகத்தான் சொன்னார். பத்து வருஷம் கழித்து இங்கிலாந்தில் டென்னிஸ் மோகம் பரவியபோது இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குமாஸ்தாவின் நோவு சீமான்களின் பெயரைச் சூட்டிக்கொண்டது!

மணிக்கட்டைப் பின்புறம் தூக்கும் தசைநார்கள் முழங்கையின் வெளிமுனை எலும்பில் வந்து சேருகின்றன. துணி பிழிந்தாலும், திருப்புளி முறுக்கினாலும், கத்தரியை நாளெல்லாம் இறுகப் பிடித்தாலும் அந்த இடத்தில் நார் நைந்துபோகலாம்.

ரண சிகிச்சைக்காரர்கள் ஆளுக்கோர் இடத்தில் கத்தி வைத்தார்கள். 1933-ல் ஜெர்மனியில் ஹோமான், நார்களை எலும்பிலிருந்தே விடுவித்தார். 1955-ல் அமெரிக்காவில் பாஸ்வொர்த், மூட்டைச் சுற்றியுள்ள வளையக்கட்டை அறுத்தார். 1961-ல் இங்கிலாந்தில் கார்டன், முழங்கையைத் தொடாமல் முன்கையின் கீழ்ப்பகுதியில் ஒரு நாரை நீளமாக்கினார். 1979-ல் அமெரிக்காவில் நிர்ஷலும் பெட்ரோனும், நைந்துபோன பகுதியை மட்டும் சுரண்டி எடுத்து, 88 முழங்கைகளில் 97.7 சதவிகிதம் குணம் கண்டதாக எழுதினார்கள். பிறகு ஊசிமுனைத் துளை வழியாகவும், குழாய்க் கண்ணாடி வழியாகவும் செய்யும் முறைகள் வந்தன.

எல்லாருக்கும் நல்ல பலன்! நாலு பேர் நாலு பூட்டை உடைத்து, நாலு தடவையும் ஒரே கதவு திறந்தது என்றால், கதவு தாழிட்டுத்தான் இருந்ததா என்று சந்தேகம் வராதா?

அந்தச் சந்தேகத்தைச் சோதித்தார்கள் சிட்னி நகரத்து வைத்தியர்கள். 2018-ல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியில் 26 நோயாளிகள். பாதிப் பேருக்கு நிர்ஷலின் முறைப்படி நைந்த நாரை அகற்றினார்கள். மற்றவர்களுக்குத் தோலைக் கிழித்து, நாரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமடைந்தது!

26 பேர் சின்னக் கணக்குதான்; அதை வைத்துக் கத்தியே வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆபரேஷன் இல்லாமலே பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷத்தில் வலி அடங்கிவிடுகிறது என்பது வைத்தியர்கள் நன்கு அறிந்த சங்கதி. சச்சின் டெண்டுல்கர் 2005 மே மாதம் லண்டனில் இதே ஆபரேஷன் செய்துகொண்டார். அக்டோபரில் நாகபுரியில் இலங்கைக்கு எதிராக 93 ரன் எடுத்தார். குணமாக்கியது கத்தியா, மட்டையைத் தொடாத அந்த மாதங்களா? யார் பிரித்துச் சொல்வது?

மறுமுறை போனபோது அந்த அம்மாளிடம் சொன்னேன்: "அவசரப்படாதே, தாயி. கைக்கு ஓய்வு கொடு. டாக்டரிடம் கேட்டு அதற்கான பயிற்சி செய். ஒரு வருஷம் பார்த்தும் அடங்காவிட்டால் அப்புறம் ஆபரேஷனை யோசிக்கலாம்."

அவள் சுளகை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சரி அண்ணாச்சி, கை ஓஞ்சு கெடக்கட்டும். ஆயிரம் பீடிக்கு இம்புட்டுன்னுதானே கூலி? அந்த ஆயிரத்தை யாரு சுத்துவா?"

எண்பத்தைந்து வருஷ ரண சிகிச்சைச் சரித்திரத்தைப் படித்துவிட்டுப் போனவன், பதில் தெரியாமல் காப்பியைக் குடித்தேன்.