கோமேதகத்தின் சிவப்புத் தம்பி

கோமேதக மோதிரம் போட்டிருக்கிறீர்களா? ராகுவுக்கு உகந்தது என்று ஜோசியர் சொல்லியிருப்பார். ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள், ‘கார்னெட்’ என்பார்கள். கார்னெட் ஒரு கல் அல்ல, குடும்பம். கால்சியம் சேர்ந்தால் தேன் நிறக் கோமேதகம். இரும்பு சேர்ந்தால் ரத்தச் சிவப்பில் அல்மண்டைன். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அரிக்கமேட்டில் மணியாகக் கடைந்தது இந்தச் சிவப்பைத்தான்.

எட்டயபுரத்திலிருந்து கிழக்கே, விளாத்திகுளம் தாண்டிப் போனால் கரிசல் முடிந்து கடல் வரும். வைப்பாறு கிராமம். அங்கே அல்மண்டைன் மணலாகவே கிடக்கிறது. மலைப்பாறை சிதைந்து ஆற்றோடு வந்தது. சாதா மணலின் எடை தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு சொச்சம். இது நாலு மடங்கு. அலை லேசானதை இழுத்துப் போய்விடும், கனமானது கரையிலேயே தங்கும். கடலே சலித்துக் கொடுக்கிறது, கூலி இல்லாமல்!

மோதிரத்துக்கு ஆகாத பொடிதான். ஆனால் உடைந்தாலும் விளிம்பு கூராகவே இருக்கும். உப்புத்தாளில் ஒட்டலாம், வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரில் கலந்தால் இரும்பையே அறுக்கலாம். வெளிநாட்டில் கிராக்கி. அப்புறம் சும்மா விடுவார்களா?

2013 ஆகஸ்டில் தூத்துக்குடி கலெக்டர் ஆஷிஷ் குமார், வைப்பாறு பக்கம் அனுமதியில்லாமல் மணல் அள்ளுவதைச் சோதனை போட ஆள் அனுப்பினார். அன்றைக்கே அவருக்கு மாறுதல். சோதனை மட்டும் நிற்கவில்லை. செப்டம்பரில் மாநிலம் முழுக்கத் தடை வந்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அரசு வசூலிக்கச் சொன்ன தொகை 5,832 கோடி ரூபாய். பி.காம். படித்த எனக்கே பூஜ்யங்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது.