மாவுச்சத்தைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்

இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரக் குடும்ப மருத்துவர் டேவிட் அன்வின், 2013 முதல் தம் நீரிழிவு நோயாளிகளுக்கு மாவுச்சத்து குறைந்த உணவையும் ஒரு வழியாகச் சொல்லத் தொடங்கினார். 150 கிராம் சோறு, சர்க்கரையை ஏற்றுவதில் சுமார் 10 தேக்கரண்டி சீனிக்குச் சமம் என்று படம் போட்டு விளக்கினார். அவரிடம் இந்த உணவைத் தேர்ந்தெடுத்த, இரண்டாம் வகை நீரிழிவுள்ள 186 பேரில் 51 சதவீதத்தினர் மாத்திரையின்றியே சர்க்கரையைக் கட்டுப்படுத்தியதாக 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அமெரிக்க நீரிழிவு சங்கமும் 2019இல் இதை ஒரு வழியாக ஏற்றுக்கொண்டது.

எல்லா மருத்துவர்களும் இதைத் தாமாகச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் சோற்றைக் குறைப்பதும் ஆபத்து. இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடலாம். மருந்துச் சீட்டோடு போய்க் கேட்போம்.